ஸ்க்ரூவெல்லாம் எங்கே போச்சு, அண்ணாச்சி?

சிவகாசிப் பட்டாசுக் கடைக்குள் நுழைகிறவர்கள் சங்குச்சக்கரம் எங்கே, புஸ்வாணம் எங்கே என்று அலமாரியைத் தேடுவார்கள். நான் அண்ணாந்து மேலே பார்ப்பேன். அந்த ஃபால்ஸ் சீலிங் இருக்கிறதே, அடடா! வழவழவென்று, ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஆனால் ஆறுக்கு நாலு ஜிப்சம் போர்டு ஒன்றை மாட்டவே முப்பது ஸ்க்ரூவை ஒட்டிப் போகும். நடுத்தரமான கடை என்றாலும் ஆயிரம் தலையை ஒளித்துவைத்தாக வேண்டும்!

இந்தக் கள்ளத்தனத்தைப் பார்க்க ஆசை என்றால் பெயிண்டர் வருவதற்கு முன்பே போய்விட வேண்டும். உள்ளே போனால் ஒரே வெள்ளைத் தூசி. சாரத்தின் மேல் நிற்கிற இளவட்டங்கள் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக நரைத்தவர்கள் மாதிரி இருப்பார்கள். தலைக்கு மேலே வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்.

போர்டின் கனம் 12.5 மி.மீ. மேலே பேப்பர், உள்ளே ஜிப்சம். ஸ்க்ரூவின் தலை பேப்பரை லேசாக அமுக்கிச் சின்னக் குழி போட வேண்டும், ஆனால் பேப்பர் கிழியக் கூடாது. பிடிமானமே பேப்பரில்தான், கிழிந்தால் ஜிப்சம் பொடிந்து ஸ்க்ரூ சும்மா ஆடும். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு இரண்டு விரல் தள்ளிப் புதிதாக இறக்க வேண்டியதுதான்.

சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு அருமையான வித்தை உண்டு. வெறும் பட்டித் தகட்டை அதன் மேல் ஓட்டுவார்கள். சத்தமில்லாமல் போனால் சரி. 'டிக்' என்று தட்டினால் தலை துருத்துகிறது.

"என்னலே, டிக்குங்குது?"

"இந்தா, அரைத் திருப்பு அண்ணாச்சி!"

பிறகு பட்டி. தகட்டைச் சாய்த்து ஒரு இழுப்பு, நிமிர்த்தி மறு இழுப்பு, குழி காணோம்! காணோம் என்றா நினைக்கிறீர்கள்? காய்ந்ததும் எட்டிப் பார்க்கும். பட்டியில் இருக்கும் தண்ணீர் வற்ற வற்ற அது சுருங்கும், நடுவில் பள்ளம் விழும். அதனால் இரண்டாவது கோட்டு, முதலாவதைவிட அகலமாக. மூன்றாவது இன்னும் அகலமாக, ஓரம் இருக்கிற இடமே தெரியாதபடி. விருதுநகர் வெயில் சீக்கிரம் காயவைக்கும் என்று கொழுக்க அப்பினால் விரிசல் விடும். அவசரக்காரர்களுக்கு இது தோதான வேலை அல்ல.

அடுத்து நைசான உப்புத்தாள், கை நோகாமல். அழுத்தித் தேய்த்தால் பேப்பரில் பிசிறு கிளம்பிவிடும். கடைசிப் பரீட்சை டார்ச் லைட்டில்: வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் படரவிட்டால் நூலளவு மேட்டைக்கூட நிழல் காட்டிக்கொடுக்கும். பாதி வேலைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்!

இதே ஊரில் இரும்பை அழகுக்காக இல்லாமல் உயிருக்காக மறைக்கிற இடமும் இருக்கிறது. பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறைகளில் இரும்பு வெளியே தெரியக் கூடாது, துகளோ மணலோ உதிரக் கூடாது என்பது விதி. பிரிட்டனின் 1875 வெடிபொருள் சட்டத்திலேயே இது இருந்தது. நம் நாட்டு விதிகளும் அதே வழிதான். துருத்தும் ஆணித் தலையில் ஏதாவது உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும். அங்கே 'டிக்' என்ற சத்தத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள்.

கடைக்குத் திரும்புவோம். பிரைமர், இரண்டு கோட்டு பெயிண்ட், எல்லாம் முடிந்து சீலிங்கும் அதே போர்டில் எழுப்பிய தடுப்புச் சுவரும் பளபளக்கும்போது முதலாளி வருவார், கையில் சிவகாசியிலேயே அச்சடித்த தினசரி காலண்டர். "ஒரு ஆணி அடிச்சுக் குடுங்கப்பா!"

மேஸ்திரி முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெறும் போர்டில் ஆணி நிற்காது, பின்னால் இருக்கும் தகரச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துச் சுவரில் மெல்ல நகர்த்துவார். பாடுபட்டு ஒளித்த ஸ்க்ரூ ஒன்று, மூன்று கோட்டுப் பட்டிக்கு அடியிலிருந்து, காந்தத்தைப் பச்சக்கென்று பிடித்துக்கொள்ளும்.