சின்னப் பிள்ளைகளின் சீண்டலுக்குத் தனித் திட்டமா?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அன்று முதல் பேச்செல்லாம் பெரிய பிள்ளைகளைப் பற்றித்தான். தொடக்கப்பள்ளியிலும் சீண்டலைத் தடுக்கச் செலவு செய்ய வேண்டுமா? பள்ளிபாளையத்துப் பெற்றோருக்கு எழக்கூடிய சந்தேகங்கள் சில.

பிள்ளைகள் என்றால் அடித்துக்கொள்வார்கள், சாயங்காலம் கூடிக்கொள்வார்கள். இதற்குப் போய் அரசுப் பணமா?

இருவர் பென்சிலுக்கு மல்லுக்கட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும். அதற்குத் திட்டம் வேண்டாம். தினமும் ஒரே பையனின் பையை ஒளித்து வைப்பதும், தறி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமியை ‘இந்திக்காரி’ என்று ஆட்டத்தில் சேர்க்காமல் விடுவதும் வேறு ரகம். அவள் வீட்டில் பேசுவது ஒடியா என்பதைக்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை ஐம்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். 7, 11 வயதுகளில் அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம் ஐம்பதிலும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

திட்டம் போட்டால் குறைகிறதா?

குறைகிறது, கொஞ்சம். நார்வேயில் 1983இல் உளவியலாளர் ஒல்வேயஸ் தொடங்கிவைத்த முயற்சிக்குப் பின் பல நாடுகளில் நடந்த சுமார் 100 ஆய்வுகளை 2019இல் தொகுத்துப் பார்த்தார்கள். சீண்டுவது ஏறக்குறைய 20 சதவீதமும், சீண்டப்படுவது 15 சதவீதமும் குறைந்திருந்தன. பின்லாந்தின் ‘கிவா’ திட்டத்தை இங்கிலாந்து, வேல்ஸில் 118 தொடக்கப்பள்ளிகளில் சோதித்தபோது கிடைத்த குறைவு 13 சதவீதம். பாதியாகக் குறைத்துக் காட்டுகிறோம் என்று யாராவது வந்தால் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

செலவுக்குக் கட்டுப்படியாகுமா?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். மூன்று பள்ளிகள், மொத்தம் 300 பிள்ளைகள். மூன்றுக்கும் சேர்த்து, இந்த வேலைக்கென்றே மாதம் 10,000 ரூபாயில் ஒரு ஆள். வருடத்துக்கு 1,20,000, பிள்ளைக்கு 400 ரூபாய். ஐந்தில் ஒருவர், அதாவது 60 பேர், சீண்டலுக்கு ஆளாகிறார்கள் என்று கொண்டால் 15 சதவீதக் குறைவு என்பது 9 பிள்ளைகள். தப்பிய ஒவ்வொருவருக்கும் சுமார் 13,300 ரூபாய். அந்த ஒன்பதில் ஒன்று நம் வீட்டுப் பிள்ளை என்றால் இதை யாரும் அதிகம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் குறைவு 5 சதவீதம்தான் என்றால் தப்பிய ஒருவருக்கான செலவு 40,000 ரூபாயாகிவிடும். ஆகவே தொகையைவிட, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதே முக்கியம்.

சம்பளம் வாங்கும் டீச்சர்களே பார்த்துக்கொள்ளலாமே?

இதற்குப் பதில் பீகாரில் கிடைத்திருக்கிறது. நாளந்தா மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ‘சேஹர்’ ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியரிடமும், சிலவற்றில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகரிடமும் கொடுத்தார்கள். ஆலோசகர் இருந்த இடங்களில் சீண்டல் நன்றாகக் குறைந்தது. ஆசிரியரிடம் விட்ட இடங்களில் சொல்லும்படியான பலன் இல்லை. வியப்பதற்கில்லை. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான் கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. ஐந்து வகுப்பையும் பார்த்து, ‘எமிஸ்’ கல்வித் தளத்தில் பதிவும் ஏற்றுகிறவரிடம் இன்னொரு வேலையைச் சேர்த்தால் அது பதிவேட்டில் மட்டும் நடக்கும். ‘இல்லம் தேடிக் கல்வி’யில் உள்ளூர்த் தன்னார்வலர்களைச் சேர்த்த பழக்கம் நமக்கு உண்டு, அந்த வழியில் ஆள் தேடலாம். ஒரு நாள் உறுதிமொழி, ஒரு ஃபிளெக்ஸ், ஒரு குரூப் போட்டோ என்று முடிகிற நிகழ்ச்சிக்கு ஆகும் பணம் மிச்சமானால் நல்லதே.

14417, 1098 என்று உதவி எண்கள் இருக்கின்றனவே?

இருக்க வேண்டியவைதான். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை போன் போடாது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் அப்பாவிடமும் சொல்லாது.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்?

புகார்களை எண்ணாதீர்கள். திட்டம் நன்றாக நடந்தால் முதல் வருடம் புகார் கூடத்தான் செய்யும், அதுவரை வாய் திறக்காத பிள்ளைகள் பேசுவதால். ஜூலையிலும் பிப்ரவரியிலும் ஒரே கேள்விகளை, பெயர் எழுதாமல், படம் காட்டிக் கேட்க வேண்டும். வகுப்பாசிரியர் அல்லாத ஒருவர் கேட்பது நல்லது. திட்டம் வராத பக்கத்துப் பள்ளியிலும் அதையே கேட்டு ஒப்பிட வேண்டும். இரண்டு மாதங்களின் முடிவுகளையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் கேட்டு வாங்கலாம்.