செடிகொடி ஓவியமும் சங்க இலக்கியப் பெயராய்வும்

சங்க இலக்கியம் கூறும் செடிகொடிகளை இன்னவை எனத் துணிதற்குச் சொற்பொருள் மட்டும் போதாது. அகராதிகள் பல பெயர்களுக்கு ‘மரவகை’, ‘பூவகை’ என்ற அளவிலேயே பொருள் தந்து அமைகின்றன. அக்குறையை நிரப்பவல்ல சான்றுகளுள் ஒன்று, தாவர நூலார்க்கென வரையப்பெற்ற ஓவியம். அதன் பயனையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

இவ்வோவியம் அழகு ஒன்றையே கருதியது அன்று. இலை, அரும்பு, மலர், கனி ஆகியவற்றை ஒரே தாளில் காட்டி, மலரின் உள்ளுறுப்புகளையும் பிரித்துத் தனியே வரைவது இதன் இயல்பு. வெவ்வேறு பருவத்தில் காண்பன இதில் ஒருங்கே நிற்கும். குறிஞ்சிப்பாட்டு, காந்தளையும் தோன்றியையும் தனித்தனியே எண்ணுகிறது. அவை இரு செடிகளா, ஒன்றன் வேறுபாடுகளா என்பது ஆராயத்தக்கது. செங்காந்தளின் இதழ் முதலில் பசுமை கலந்து தோன்றி, மஞ்சளாகிப் பின்னர்ச் செந்நிறம் அடைகிறது. இப்படிநிலைகளைக் காட்டும் வண்ண ஓவியம், நிற அடை ஒன்றையே கொண்டு முடிவு கட்டுவதைத் தடுக்கும்.

ஆயின், ஓவியம் வடிவைத் தருமேயன்றிப் பெயரைத் தாராது. 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஓர்த்தூசு மலபாரிக்கூசு’ என்னும் நூலின் படங்களில் மலையாளப் பெயர்களும் பொறிக்கப்பெற்றன. ஆதலின் அது மொழியாய்வார்க்கும் கருவூலமாயிற்று. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த இராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட ‘இக்கோனெசு’ நூல் 2101 படங்களை உடையது. அவற்றுள் பலவற்றை வரைந்தோர் அரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர். கோவிந்துவின் பெயரால் வைட் 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குப் பெயரிட்டார். பின்னர் அது வேறொரு பேரினத்துள் அடங்கவே, அப்பெயர் வழக்கொழிந்தது. 2007இல் என்றி நோல்டி எழுதிய நூலே இவ்விருவர் பணியை விரிவாக வெளிக்கொணர்ந்தது.

வைட்டின் படங்கள் இலத்தீன் பெயரையே தலைப்பாகக் கொண்டவை. வடிவம் இருந்தும் ஊர் வழக்கு அவற்றில் இடம்பெறவில்லை. காந்தளுக்கே கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ எனப் பெயர்கள் பல உள. இத்தகைய பெயர்கள் முதியோர் நாவளவில் நின்றால் அவரோடு மறையும். எனவே, திருமங்கலம் போன்ற மதுரைச் சமவெளி ஊர்களில் உழவரும் நாட்டு மருத்துவரும் வழங்கும் பெயர்களை, அங்கு வளரும் செடிகளின் ஓவியத்தோடு இணைத்துத் தொகுத்தல் வேண்டும். சொல்லும் வடிவும் ஒரு தாளில் கூடியபோதே இலக்கியப் பெயராய்வு உறுதி பெறும் என்பது நம் துணிபு.