கையும் அறிவும் ஒரே மேசையில்: செய்து கற்கும் அறிவியலில் சாதி எங்கே நிற்கிறது?

மாணவர்களே கருவிகளைச் செய்து பார்த்து அறிவியல் கற்கும் முறை இன்று அரசுத் திட்டமாகவே வந்துவிட்டது. ஒன்றிய அரசு 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்கான வானவில் மன்றத்தைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில், திருச்சியை அடுத்த காட்டூர் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தொடங்கியது. இம்முறையை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பியாக வேண்டும்: செய்து கற்பது யாருக்கு அறிவியலாகிறது, யாருக்கு வெறும் வேலையாகிறது?

இந்த ஐயம் வரலாற்றிலிருந்து எழுவது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. மக்கள் அதைக் குலக்கல்வி என்று அழைத்து எதிர்த்தனர். காமராசர் பொறுப்பேற்றபின் 1954-இல் அது கைவிடப்பட்டது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-இலேயே விளக்கியிருந்தார். கையை ஒரு சாதிக்கும் ஏட்டை இன்னொரு சாதிக்கும் ஒதுக்குவதுதான் அந்த அடுக்கு. ஆகவே, கை வேலையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் எந்த முறையும் இந்த அடுக்கை உடைக்கிறதா, உறுதிப்படுத்துகிறதா என்றே நாம் பார்க்க வேண்டும்.

ஒலி பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் திறந்த தகர டப்பாவின் ஒரு வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டினால் சிறு மேளம் தயார். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலி, அலைபேசியின் ஒலிவாங்கியைக் கொண்டு ஒலியின் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸ் அளவில் திரையில் காட்டும். தோலை மேலும் இழுத்துக் கட்டித் தட்டினால் அதிர்வெண் கூடும். ஏன் கூடுகிறது என்று கேட்கும் இடத்தில்தான் பாடம் பிறக்கிறது: இழுவிசை மிகுந்தால் தோல் விரைந்து அதிர்கிறது.

அடுத்து வகுப்பிற்குள் பறை வரட்டும். அடிப்பதற்கு முன் பறையை நெருப்பில் காய்ச்சுவது ஏன்? காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்த தோல், வெப்பத்தில் ஈரம் நீங்கி இறுகுகிறது, சுருதி உயர்கிறது. காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் அளந்து வரைபடமாக்கினால், இழிவென்று ஊர் ஒதுக்கிய ஒரு தொழிலுக்குள் தலைமுறைகள் சோதித்தறிந்த இயற்பியல் இருப்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர்.

இங்கேதான் எச்சரிக்கையும் தேவை. பறையை வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒரு பிள்ளையை மட்டும் பார்த்து “நீ அடி” என்று சொன்னால், அந்த வகுப்பு குலக்கல்வியாகிவிடும். பறை இசைக் கலைஞரை அறிஞராக அழைத்து, நாற்காலியிட்டு, வினாக்களை அவரிடம் கேட்பதே முறை. மேளத்தை எல்லாப் பிள்ளைகளும் செய்ய வேண்டும்; எல்லாக் கைகளும் தோலைத் தொட வேண்டும்; அலைபேசியும் அளவீட்டுக் குறிப்பேடும் குழுவில் சுழன்று வர வேண்டும்.

தோழர்களும் மாணவர்களும் தம் பகுதிப் பள்ளிக்குச் செல்லும்போது நான்கு வினாக்களைக் கேட்கலாம். ஆய்வகம் பூட்டியே கிடக்கிறதா? கருவியைக் கையில் பிடிப்பவர் யார்? முடிந்தபின் மேசையைத் துடைத்துக் குப்பை அள்ளுபவர் யார்? கண்காட்சிக்குச் செல்லும் படைப்பில் யார் பெயர் எழுதப்படுகிறது? விடைகள் ஒரே பிள்ளைகளைப் பிடிக்கவும், வேறு பிள்ளைகளைப் பெருக்கவும் காட்டுமானால், 20 லட்சம் ரூபாய்க் கருவிகள் இருந்தும் அங்கே பழைய ஊர்தான் இருக்கிறது.

பள்ளியில் வாய்ப்பில்லாத இடங்களில் நம் இரவுப் பாடசாலைகள் இதைத் தொடங்கலாம். தகர டப்பாவும் பலூனும் ஓர் அலைபேசியும் போதும். கை அழுக்காவது இழிவன்று என்பதை எல்லாப் பிள்ளைகளும், ஏன் என்று கேட்பது தனக்கும் உரியது என்பதை நம் பிள்ளைகளும் ஒரே மேசையில் கற்க வேண்டும்.