உள்ளே போகாமலே வேலை செய்யும் மருந்து

வீசிங் வந்த யாராவது இன்ஹேலரை வாயில் வைத்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில நிமிடங்களில் மூச்சு சீராகத் தொடங்கும். அதிலுள்ள சால்பூட்டமால் என்ற மருந்து, மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிக் கிடந்த தசையைத் தளர்த்திவிடுகிறது. இதற்காக அது தசைச் செல்லுக்குள் நுழைய வேண்டியதே இல்லை! வெளியே இருந்தபடியே உள்ளே சேதி அனுப்பிவிடுகிறது. எப்படி?

செல்லைச் சுற்றிலும் மெல்லிய கொழுப்புச் சவ்வு. அதில் 'பீட்டா-2 ஏற்பி' என்ற புரதம் பதிந்திருக்கிறது. 413 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி அது. துணியில் ஊசி ஏறி இறங்குவதுபோல் சவ்வை ஏழு முறை ஊடுருவுகிறது. ஊடுருவும் ஒவ்வொரு பகுதியும் ஒரு சுருள். ஏழு சுருளும் சேர்ந்து நிற்கும் இடத்தில், செல்லின் வெளிப்பக்கம் பார்த்தபடி ஒரு குழி. நம் உடம்பு சுரக்கும் அட்ரினலின் வந்து உட்காரும் இடம் அது. சால்பூட்டமாலின் உருவமும் கிட்டத்தட்ட அட்ரினலின் மாதிரியே இருப்பதால் அதே குழியில் பொருந்திக்கொள்ளும்.

மருந்து குழியில் உட்கார்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அந்த மாற்றத்தை நானோமீட்டரில்தான் அளக்க முடியும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இதே வகையில் வலுவான மருந்து ஒன்று பொருந்தி, செல்லுக்குள் இருக்கும் ஜி-புரதம் என்ற புரதமும் வந்து சேர்ந்த ஏற்பியை அளந்தார்கள். குழியருகே ஐந்தாவது சுருள் சுமார் 0.2 நானோமீட்டர்தான் மருந்தை நோக்கி நகர்ந்தது. ஆனால் செல்லின் உட்பக்கத்திலோ, ஆறாவது சுருளின் நுனி 1.4 நானோமீட்டர் விலகிப் போயிருந்தது. ஏழு மடங்கு! விலகிய இடத்தில் ஒரு பிளவு திறக்கிறது. அந்த ஜி-புரதம் தன் முனையை அதில் நுழைக்கிறது. அங்கிருந்து சேதி கைமாறிப் போய்த் தசை தளர்கிறது.

மருந்து வராதபோதும் ஏற்பி சும்மா இருப்பதில்லை. நெளிந்துகொண்டே இருக்கும், எப்போதாவது தானாகவே திறந்து மூடும். மருந்து வந்து உட்கார்ந்ததும் திறந்த வடிவமே அடிக்கடி வரும். ப்ரோப்ரனலால் என்ற மருந்தும் இதே குழியில்தான் உட்காரும். ஆனால் பிளவைத் திறக்க விடாது, அட்ரினலினுக்கும் இடம் தராது. அதனால்தான் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு டாக்டர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

நெளிந்துகொண்டே இருப்பதைப் படம்பிடிப்பது எவ்வளவு கஷ்டம்! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிரையன் கோபில்கா பல வருடம் இதற்காகவே உழைத்தார். லாமா என்ற ஒட்டக இன விலங்கின் ரத்தத்தில் வழக்கத்தைவிடச் சிறிய எதிர்ப்பொருள்கள் உண்டு. அப்படி ஒன்றின் சிறு துண்டு ஏற்பியும் ஜி-புரதமும் பிரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள உதவியது. 2011இல் எக்ஸ்-கதிர்களால் அந்த ஜோடியின் வடிவம் தெரியவந்தது. அடுத்த ஆண்டே அவருக்கும் அவருடைய ஆசிரியர் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல் பரிசு.

இதே குடும்பத்தில் நம் உடம்பில் சுமார் 800 ஏற்பிகள் இருக்கின்றன. கண்ணில் ஒளியை உணரும் புரதங்களும் அவற்றில் அடக்கம். அங்கே வடிவத்தை மாற்றுவது மருந்தல்ல, வெளிச்சம்.