வரிசையில் விடுபட்டவர்கள்
கோவாக்சின் பிறந்த ஊர் ஹைதராபாத். எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனை இருப்பதும் இங்கேதான். ஆனால் 2021 மார்ச் 1 முதல் 45 வயதைத் தாண்டிய இணைநோயாளிகளுக்கு முன்னுரிமை தந்த மத்திய அரசின் 20 நோய்ப் பட்டியலில், 'பைபோலார்' எனப்படும் இருதுருவ மனநோயின் பெயரே இல்லை. பிரிட்டனிலோ அதற்கு முன்னுரிமை இருந்தது. கடும் மனநோயாளிகளைக் கோவிட் பலிகொள்ளும் அபாயம் அதிகம் என்பதே காரணம். அடையாள அட்டையற்ற மனநல விடுதிவாசிகளுக்கு ஊசி போட இந்தியாவில் வழிமுறை வந்தது மே மாதம்தான்.

பட்டியலைப் போலவே பயமும் ஒரு தடை. ஊசிக்காக மனநோய் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பலாம். லித்தியம் சாப்பிடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஊசிக்குப் பின் காய்ச்சலடித்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உடலில் நீர் வற்றினாலும், ஐபுப்ரோஃபென் விழுங்கினாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறும். பாராசிட்டமால் போதும். வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் உடனே டாக்டர். ஃப்ளூ ஊசிக்கும் இதே விதிதான்.