மீன் சாகவில்லை, இரைதான் செத்தது

ஜப்பானின் ஷிமானே மாநிலத்தில் இருக்கும் ஷிஞ்சி, லேசாக உப்புக் கரிக்கும் ஏரி. வகாசகி என்ற சிறுமீனும் விலாங்கும் அங்குள்ள மீனவர்களுக்குச் சோறு போட்டவை. ஆண்டுக்குச் சராசரியாக 240 டன் கிடைத்துவந்த வகாசகி, 1993க்குப் பின் 22 டன்னாகச் சுருங்கியது. விலாங்கும் அருகிப்போனது.

மசுமி யமமுரோ தலைமையிலான ஆய்வாளர்கள் ஏரியின் பழைய பதிவுகளை அலசி, 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள். இமிடாகுளோப்ரிட் என்ற நியோனிகோடினாய்டு பூச்சி மருந்து ஜப்பானில் 1992இல் பதிவானது. மறு ஆண்டே ஏரியைச் சுற்றியுள்ள நெல்வயல்களுக்கு வந்துவிட்டது. அதே காலத்தில் ஏரியில் மீன்களின் இரையான விலங்கு மிதவை உயிரிகளின் வசந்தகால அளவு 83 சதவீதம் சரிந்தது. சேற்றில் வாழும் கடியாக் கொசுவின் சிவப்புப் புழுவும் (மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ‘பிளட் வார்ம்’ என்று வாங்குவார்களே, அந்த வகை) அருகியது. 2016இல் தேடியபோது ஒன்றுகூடச் சிக்கவில்லை. மீனை விஷம் கொல்லவில்லை, சாப்பாடு போய்விட்டது.

இந்த மருந்து நீரில் எளிதாகக் கரையும். வேர் உறிஞ்சிச் செடி முழுக்கப் பரவுவதற்காகவே அப்படி. ஆனால் பயிர் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். மிச்சத்தில் ஒரு பகுதி வடிகால் வழியே ஏரிக்குப் போகிறது. அங்கே பூச்சிகளின் நரம்பில் ஒட்டிக்கொண்டு, அவற்றை முடக்குகிறது. நெல்லைத் தாக்கும் புகையானுக்கும் தட்டான் குஞ்சுக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை.

அப்படியானால் மருந்தை அனுமதிக்கும் முன் நடக்கும் சோதனையில் ஏன் தெரியவில்லை? நீர்வாழ் சிற்றுயிர்களுக்கான நச்சுச் சோதனையில் உலகெங்கும் வழக்கமாகப் பயன்படுவது டாப்னியா. அது பூச்சியே அல்ல, இறாலைப் போன்ற ஓட்டுடலி வகை. இமிடாகுளோப்ரிட் டாப்னியாவை முடக்க லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் வேண்டும். மேஃபிளை என்ற நீர்ப்பூச்சியின் இளம்பருவத்துக்கோ ஒரு சில மைக்ரோகிராமே போதும். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம்! டாப்னியாவை மட்டும் பார்த்து ‘நீருக்குப் பாதுகாப்பானது’ என்று முத்திரை குத்தினால் அந்த முத்திரைக்கு மதிப்பில்லை.

ஷிஞ்சியில் இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன, அவ்வளவுதானே, இது நிரூபணமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஏரியில் ஷிராவுவோ என்ற மீனின் பிடிப்பு அப்படிச் சரியவில்லை. அது பாசியையும் தின்று பிழைக்கக்கூடியது. நீரே பொதுவாகக் கெட்டிருந்தால் அதுவும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். எனக்கு இது வலுவான சாட்சி.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோப்ரிட் உள்ளிட்ட மூன்று நியோனிகோடினாய்டுகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆனால் அது தேனீக்களுக்காக, நீர்ப்பூச்சிகளுக்காக அல்ல. நம் ஊர்க் கடைகளில் இமிடாகுளோப்ரிட் இன்றும் கிடைக்கிறது. நம் வயல் வடிகால்களும் கண்மாய்க்கும் குளத்துக்கும்தான் போகின்றன. வயலில் வேட்டையாடும் சிலந்தியும், நீர்மேல் ஓடும் சிறு பூச்சிகளும் புகையானைத் தின்பவை என்பதையும் மறக்க வேண்டாம். தேவையின்றி மருந்து போடாதீர்கள். போட்டால் குறைந்தது ஒரு வாரமாவது வயல் நீரை வடிய விடாமல் மடையை அடைத்து வையுங்கள்.