பிரித்து வையுங்கள், கழற்றி வையுங்கள்!

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலில் முடங்கின. பதிவு, அனுமதி, டிஸ்சார்ஜ் எல்லாமே சுமார் இரண்டு வாரம் கையால் எழுதி நடந்தன. ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் மருத்துவமனை நிர்வாக மென்பொருளான இ-ஹாஸ்பிடலின் தகவல்களை மீட்க முடிந்தது.

எய்ம்ஸுக்கு வந்த ஆபத்து தெருமுனை ஸ்கேன் சென்டருக்கும் ஜவுளிக் கடைக்கும் வீட்டு லேப்டாப்புக்கும் வரலாம்.

எப்படிச் சிக்குகிறோம்?

போலி மின்னஞ்சலில் வரும் ஃபைல், திருட்டு மென்பொருள், எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு ஆகியவைதான் வழக்கமான நுழைவாயில்கள். காலையில் கணினியைத் திறந்தால் பில் ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கும். பிட்காயின் கேட்டு ஒரு மிரட்டல் குறிப்பும் கிடக்கும். ‘பேக்கப் இருக்கிறதே’ என்று தேடினால், அந்த ஹார்ட் டிஸ்க் அதே கணினியில் மாதக்கணக்கில் செருகியபடியே இருந்திருக்கும், அதிலுள்ளவையும் பூட்டப்பட்டிருக்கும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் தானாக சிங்க் ஆகும் ஃபோல்டரை மட்டும் நம்பவும் முடியாது. பூட்டப்பட்ட ஃபைலே அங்கும் போய்ச் சேரும். பழைய பதிப்பை மீட்கும் வசதிக்குக் காலக்கெடு உண்டு.

எதை முதலில் காப்பது?

எல்லாவற்றையும் நகலெடுக்க நினைத்தால் வேலை மலைப்பாகி, நாளை நாளை என்று தள்ளிப்போகும். எனவே மூன்றாகப் பிரியுங்கள்.

1. போனால் திரும்பாதவை: வரவு செலவுக் கணக்கு, வாடிக்கையாளர் பாக்கி, நோயாளிக் குறிப்புகள், ஆய்வேடு, குடும்பப் படங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம் என்பதை வியாபாரிகள் மறக்கக் கூடாது.

2. அலைந்தால் கிடைப்பவை: சான்றிதழ், பத்திர நகல்கள். டிஜிலாக்கர் வழியே அரசுத் துறைகள் வழங்கும் ஆவணங்கள் அசலுக்கு இணையாகச் செல்லும் என்பதால் அவற்றைப் பற்றிய கவலை குறைவு.

3. போனாலும் பரவாயில்லாதவை: சினிமா, மென்பொருள்கள், வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள்.

முதல் வகைக்கே முதல் இடம். சிறு கடையின் கணக்கு ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.

எப்படிக் காப்பது?

இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். செருகி, நகலெடுத்து, உடனே கழற்றி பீரோவில் வையுங்கள். ஒன்றை வேறொரு கட்டடத்தில் வைத்தால் தீ, வெள்ளம், திருட்டிலிருந்தும் தப்பலாம். டிஸ்க் தொலைந்தாலும் பிறர் படிக்க முடியாதபடி பாஸ்வேர்டு போட்டு, அதைத் தனியே எழுதி வையுங்கள். கணக்கை வாரம் ஒருமுறையாவது எடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வேறொரு கணினியில் ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பயனில்லை.

தாக்குதல் நடந்துவிட்டால்?

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்க்கை அவசரப்பட்டு அந்தக் கணினியில் செருகாதீர்கள். மிரட்டல் குறிப்பைப் படம் எடுங்கள். சாட்சியம் அழியும் என்பதால் உடனே ஃபார்மட் செய்ய வேண்டாம். பணம் கட்டினாலும் ஃபைல் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. தேசிய சைபர் கிரைம் புகார் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் பங்கேற்று 2016-ல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. நிறுவனங்கள், தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சட்டம் என்ன தருகிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ம் பிரிவின்படி, சேதம் விளைவித்தவரிடம் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக விசாரிப்பார். 66-ம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் தகவல் கசிந்தால் அதை வைத்திருந்த நிறுவனம் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதில் இடமுண்டு. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கலாம். அழிந்த கணக்கைத் திருப்பித் தராது. ஆகவே இந்த வாரமே முதல் வகைப் பட்டியலை எழுதி, ஒரு நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றுங்கள். உங்கள் மருத்துவமனையிடமும் பிள்ளைகளின் பள்ளியிடமும், ‘எங்கள் தகவலுக்குத் தனியே கழற்றி வைத்த பேக்கப் இருக்கிறதா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.